கோமதிநாயகக் குழி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள், தம்பி. எனக்குக் காற்று ஆகாது. வள்ளியூர் தாண்டிவிட்டால் இந்தக் காற்று மனிதனைப் பேச விடாது. பேசாமல் நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது என்னால் ஆகிற காரியம் இல்லை. ஆயுள் முழுக்க வகுப்பில் நின்று பேசியவன் நான். எதிரே ஒரு முகம் இருந்தால் போதும், அது கேட்கிறதா தூங்குகிறதா என்று பார்க்க மாட்டேன்.

சிரிக்கிறீர்கள். தெரிகிறது. நான் பேசுவது பாடப்புத்தகம் வாசிப்பது போல இருக்கிறது என்றுதானே? இருக்கட்டும். 'ஏங்க, வீட்டுலயாவது அந்த வினைமுற்றை விட்டுத்தொலைங்களேன்' என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. வினைமுற்றை விட்டுவிட்டால் வாக்கியத்தில் என்ன மிஞ்சும்? அவளிடம் கேட்டேன். அடுக்களைக்குள் போய்விட்டாள்.

என் பெயர் கோமதிநாயகம். கணிதப் பேராசிரியர். ஓய்வுபெற்றுவிட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் பெயரையும் மாற்றுகிறார்கள், நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருவருக்கு வருத்தம் வரும். அங்கே கணிதவியல் பொருளியல் புலம் என்று ஒன்று உண்டு. ஒரு துணைவேந்தர் வெளிநாடு போய்விட்டு வந்தார். அங்கே கணக்கும் பொருளாதாரமும் ஒன்றாக இருக்கின்றனவாம். வந்த கையோடு இரண்டு துறைகளையும் ஒரே கட்டடத்தில் போட்டு அடைத்துவிட்டார். ஒரே சைக்கிள் ஸ்டாண்டு, ஒரே கருத்தரங்கக் கூடம், சாக்பீஸுக்கு ஒரே விண்ணப்பம். நாங்கள் ஒன்றைச் சொன்னால் நிரூபிப்போம். அவர்கள் ஒன்றைச் சொன்னால் 'மற்றவை மாறாதிருப்பின்' என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மற்றவை மாறாதிருந்தால் நான்கூட இன்னும் கறுப்பு முடியோடுதான் இருப்பேன்.

இப்போது நான் எங்கே போகிறேன் தெரியுமா? விழாவுக்கு. என் பெயரில் ஒரு கருத்தரங்கு. சிலருக்குத் தெருவுக்குப் பெயர் வைப்பார்கள், சிலருக்குப் பாலத்துக்கு. மழை வந்தால் இரண்டும் போய்விடும். என் பெயரை ஒரு கணிதப் பொருளுக்கு வைத்திருக்கிறார்கள், தம்பி. கணிதம் இருக்கிறவரை அது இருக்கும். அதைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பொன்னுரங்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

பொன்னுரங்கம் பொருளியல்காரர். நல்ல உயரம், சட்டைப்பையில் எப்போதும் பாக்கு, எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும். மாணவர்களுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர் தேர்வுத்தாளை எப்படித் திருத்துவார் என்று உங்களுக்கே தெரியும்.

புலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் ஆய்வுரை நிகழ்த்த வேண்டும் என்று ஒரு விதி வந்தது. யாரும் முன்வரவில்லை. நான் முன்வந்தேன். கூடம் நிறைய ஆள். துணைவேந்தர் முன் வரிசையில். கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்தேன். இதோ, உங்கள் உள்ளங்கையைக் காட்டுங்கள். கோவிலில் தீர்த்தம் வாங்குவது போலப் பிடியுங்கள். ஆ, அதேதான். அந்த வடிவம். அதற்குக் கீழே 'குவிச் சார்பு' என்று எழுதினேன். கான்வெக்ஸ் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அது.

இப்போது நீங்கள் உங்கள் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் அது குழி. ஆனால் கீழே குனிந்து புறங்கைப் பக்கமாகப் பாருங்கள். குவிந்திருக்கிறதா? கணிதம் கீழேயிருந்து பார்த்துப் பெயர் வைக்கிறது. ஆகவே குழி போலத் தெரிவதன் பெயர் குவி. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மணல் குவித்தது போல இருக்கும், அதன் பெயர் குழி. கண்ணுக்குத் தெரிவதற்கு நேர் எதிர். நான் என்ன செய்ய? நானா வைத்தேன்?

இதை விளக்க வாயைத் திறந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

'கோமதி சார், ஒரு சின்ன சந்தேகம். அது குழியா, குவியலா?'

பொன்னுரங்கம். எழுந்துகூட நிற்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

'குவி' என்றேன். 'குவியல் அல்ல. குவி.'

'இல்ல சார், எங்க ஊர்ல இதுலதான் தென்னம்பிள்ளை வைப்போம். அதான் கேட்டேன்.'

சிரித்தார்கள், தம்பி. கூடமே சிரித்தது. துணைவேந்தர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கையில் சாக்பீஸோடு நின்றேன். அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரமே பெயர் வந்துவிட்டது. குழியாழ்வார். விடுதியில் குழியாழ்வார், கேன்டீனில் குழியாழ்வார். மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒரு வீட்டுக்குப் போனேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: 'யாரு வந்திருக்கா?' வாசலில் நின்றவர் சொன்னார்: 'நம்ம குழியாழ்வார் சார்.' மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

ஒன்றைக் கவனியுங்கள். நான் சொன்னது சரி. நான் தப்பாகச் சொல்லி அவர்கள் சிரித்திருந்தார்கள் என்றால் மறுநாள் காலையில் மறந்திருப்பேன். அன்று அந்தக் கூடத்தில் சரியாகச் சொன்னவன் நான் ஒருவன்தான். சரியாகச் சொன்னதற்காகச் சிரித்தார்கள். அதை எப்படி மறப்பது? நீங்களே சொல்லுங்கள்.

நான் சண்டை போடவில்லை. சண்டை போடுகிறவன் அவசரக்காரன். கால அட்டவணை என் கையில் இருந்தது, அவருக்கு எப்போதும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வகுப்பு போட்டேன். அவர் துறைக்குச் சாக்பீஸ் போவதை இரண்டு வாரம் தாமதப்படுத்தினேன், எழுதும்போதே உதிர்கிற சாக்பீஸாகப் பார்த்து அனுப்பினேன். அதெல்லாம் பழிவாங்கல் இல்லை. பயிற்சி.

அப்புறம் கலைச்சொல் குழு வந்தது. தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. அமைப்பாளர் யார் என்றார்கள். பொன்னுரங்கத்தின் பெயரையும் என் பெயரையும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் எனக்கு வெளிநாட்டில் ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒரு வருஷம் அங்கே இருந்து வேலை செய்யலாம். குவி கணங்களைப் பற்றி நான் ஒன்று பாதி எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவி பெட்டியைத் துடைத்து வெயிலில்கூட வைத்துவிட்டாள். நான் போனால் குழு யார் கைக்குப் போகும்? யோசித்துப் பாருங்கள். குழி என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டுக்குத் தென்னம்பிள்ளைக்காரர் தீர்மானிப்பார்.

போகவில்லை. குழு என் கைக்கு வந்தது. அந்தப் பாதி அப்படியே இருக்கிறது. இருந்தால் என்ன, எங்கே ஓடிவிடப் போகிறது? அப்புறம் ஒரு சீனாக்காரன் மீதிப் பாதியை எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். நல்லது. எனக்கு வேலை மிச்சம்.

குழுவின் முதல் சுற்றறிக்கையிலேயே தட்டச்சர் 'கலைச்சொல் குழி' என்று அடித்துவிட்டார். தற்செயல் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரை டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றினார்கள், நான் சொல்லித்தான் என்று வதந்தி.

அகராதி வந்தது. குவி இன்னது, குழி இன்னது. படத்தோடு போட்டேன். இதுவே முடிந்த முடிவு, மாற்றிப் பயன்படுத்தும் ஆய்வேட்டின் கூற்றுகள் அகராதிப் பொருளிலேயே கொள்ளப்படும் என்று ஒரு விதியும் எழுதினேன். அந்த ஒரு வரியைச் செதுக்க ஒரு கோடைக்காலம் ஆயிற்று. எல்லோருக்கும் ஒரு படி அனுப்பினோம். பொன்னுரங்கம் சுற்றறிக்கை படிக்கிற ரகம் இல்லை. அவர் மேஜையில் அதன்மேல் டீ கிளாஸ் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வட்டமாக டீக்கறை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக என் அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

காத்திருந்தேன். அவரிடம் செண்பகவல்லி என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். தோவாளைக்காரி. அப்பாவுக்குப் பூச்சந்தையில் வேலை. எங்கள் துறையில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே போனாள், அதுவும் ஒரு விஷயம்தான், போகட்டும். பூ விற்கிறவர்கள் விலையை எப்படி மாற்றுகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும், யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. விற்கிறவர் விலையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பார். நட்டம் குறைந்தால் அதே பக்கம் இன்னும் ஓர் அடி. கூடினால் திரும்பிவிடுவார். இப்படி ஓரோர் அடியாக இறங்கி, நட்டம் மிகக் குறைவான இடத்துக்கு அவர் போய்ச் சேருவாரா? எப்போது சேருவார்? நட்டக் கோடு உங்கள் உள்ளங்கை போல இருந்தால் கட்டாயம் சேருவார் என்று நிரூபித்திருந்தாள். எங்கே ஆரம்பித்தாலும் சறுக்கிக்கொண்டு அடிமட்டத்துக்கு வந்துவிடுவார். அழகான நிரூபணம். உள்ளதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் உள்ளங்கை வடிவத்துக்கு என்ன பெயர் எழுதியிருந்தாள் தெரியுமா? குழி.

பொன்னுரங்கம் சொல்லிக்கொடுத்தது. கண்ணுக்குத் தெரிவதை எழுது என்றிருப்பார். 'நட்டச் சார்பு குழியாக இருந்தால், படிப்படியாக இறங்கும் வணிகர் அடிமட்டத்தை அடைவார்.' அகராதிப்படி படித்துப் பாருங்கள். அகராதியில் குழி என்றால் கவிழ்த்த கை. மணல்மேடு. மேட்டின்மேல் நிற்கிறவன் இறங்கினால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடுவான், எது அதிக ஆழம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தேற்றம் பொய். ஆய்வேடு முழுக்கப் பொய். ஒரே ஓர் எழுத்தில்.

அந்த ஆய்வேடு கலைச்சொல் இசைவுச் சான்றுக்கு என் மேஜைக்கு வந்தது. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'சொல்லை மாற்றுக' என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் அரை நாளில் திருத்திக் கொண்டுவந்திருப்பாள். அப்புறம் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். சான்று வாங்க வந்தவள் என் மனைவிக்கென்று வாழை இலையில் பிச்சிப்பூ கொண்டுவந்திருந்தாள்.

'சார் சீக்கிரம் பாத்துக் குடுத்தீங்க. ரொம்ப நன்றி சார். அரசுக் கல்லூரி இண்டர்வியூ வருது, அதுக்குள்ள வைவா முடிஞ்சிரணும்.'

'முடிந்துவிடும்' என்றேன். என் மனைவி அந்தப் பூவை இரண்டு நாள் வைத்திருந்தாள். நல்ல பூ.

வைவா என்பது பொது வாய்மொழித் தேர்வு, தம்பி. கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதே கூடம். நான் சீக்கிரமே போய்விட்டேன், எதற்காக என்று நினைக்கிறீர்கள்? கடைசி வரிசை. அதே நாற்காலி. ஒரு எம்.ஃபில். பையன் அதில் பையை வைத்திருந்தான், எடுக்கச் சொன்னேன். பொன்னுரங்கம் முன் வரிசையில், புதுச் சட்டை, வெளியூர்த் தேர்வாளரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் வெள்ளை வேட்டியில் சுவரோரமாக நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் நன்றாகப் பேசினாள். பலகையில் வளைகோட்டை வரைந்தாள். கீழே 'குழிச் சார்பு' என்று எழுதினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

'அம்மா, ஒரு சின்ன சந்தேகம். அது குழியா, குவியலா?'

அதே சொற்கள். விளியைத் தவிர ஓர் எழுத்துக் கூடுதல் குறைவு கிடையாது. வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன்.

'குழி சார்' என்றாள். 'தென்னம்பிள்ளை வைக்கிற மாதிரி.'

கூடம் சிரிக்க ஆரம்பித்தது. ஆரம்பிக்கட்டும் என்று விட்டேன். சிரிப்பு நன்றாக மேலே ஏறட்டும் என்று காத்திருந்து, அகராதியை எடுத்தேன். பக்கம் சொன்னேன். படித்தேன். விதியையும் படித்தேன். 'ஆகவே அம்மையார் நிரூபித்திருப்பது மணல்மேட்டைப் பற்றியது. மணல்மேட்டுக்கு இது பொருந்தாது. தேற்றம் தவறு.'

சிரிப்பு பாதியில் நின்றது, தம்பி. பஸ் நடுரோட்டில் நிற்கும்போது ஓர் அமைதி வருமே, அது மாதிரி. எத்தனை வருஷமாக அந்த அமைதிக்காகக் காத்திருந்தேன்!

வெளியூர்த் தேர்வாளர் தடுமாறிப்போனார். 'சார், டெக்னிக்கலாப் பாத்தா நீங்க சொல்றது சரிதான். ஆனா இசைவுச் சான்று நீங்கதான குடுத்திருக்கீங்க?'

'சொற்கள் அகராதியில் உள்ளனவா என்பதற்குத்தான் சான்று. குழி உள்ளது. குவியும் உள்ளது. அவற்றைப் பொருத்தமாகப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பார்ப்பது தேர்வாளர் வேலை' என்றேன்.

அவருக்கு வியர்த்துவிட்டது. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டில் பொன்னுரங்கம் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும்.

'என்ன கோமதி சார் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் இண்டர்வியூ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உக்காந்து மாத்தியிருப்பேனே. எனக்கு எந்தச் சொல்லா இருந்தா என்ன?'

'உங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்' என்றேன். 'அதே கூடம். அதே கேள்வி.'

'எந்தக் கேள்வி?'

'தென்னம்பிள்ளை.'

என்னையே பார்த்தார். பாக்கை வாயில் போடப்போனவர் கையிலேயே வைத்துக்கொண்டார். 'சார், சத்தியமாத் தெரியல. நான் எதுவும் சொன்னேனா? எப்ப?'

நடிப்பு. என்ன நடிப்பு பார்த்தீர்களா! ஒரு மனிதன் அதை மறக்க முடியுமா? நான் ஒரு நாள்கூட மறக்கவில்லையே. நான் நினைவூட்ட மறுத்துவிட்டேன், சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

அந்தப் பெண்ணா? ஆமாம், கேட்டீர்களே, அவளும் வந்தாள். இரண்டு நாள் கழித்து. எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தைரியமானவர்கள்.

'சார், ஒண்ணு கேக்கலாமா? சான்று குடுக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?'

'படித்த அன்றே தெரியும்' என்றேன். எனக்குத் தெரியாமல் போயிற்று என்று ஒரு மாணவி நினைக்கக் கூடாது.

'தேத்தம் சரின்னும் தெரியும்?'

'சந்தேகமே இல்லை. அழகான நிரூபணம்.'

தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம், 'புரியுது சார்' என்றாள். அவ்வளவுதான். பொன்னுரங்கத்தைவிட அவளுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது பாருங்கள்.

இண்டர்வியூ போயிற்று. அரசு வேலை போயிற்று. அது அவளுக்கு நல்லதுதான், தனியார் கல்லூரியில் சேர்ந்து, திருத்துகிறேன் பேர்வழி என்று ஆய்வேட்டை மேலும் ஒரு வருஷம் எழுதினாள். அந்த ஒரு வருஷத்தில்தான் அந்தப் புதிய அத்தியாயம் வந்தது. நான் இல்லையென்றால் அது ஏது? மறுபடி என் அறைக்கு வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

'சார், உங்க பேரை ஒரு எடத்துல பயன்படுத்திக்கலாமா?'

'என் பெயரையா?'

'ஆமா சார். புதுசா ஒரு வடிவம் கண்டுபிடிச்சிருக்கேன். இப்படி ஒரு குழி இருக்குன்னு உங்களாலதான் எனக்குத் தெரிஞ்சுது. உங்க பேரை வைக்கலாம்னு.'

தம்பி, நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் சொந்த மாணவர்கள் ஒருவனும் செய்யாதது. அதுவும் பொன்னுரங்கத்தின் மாணவி! அவர் பெயரை வைக்கவில்லை, கவனியுங்கள். என் பெயரை.

அது என்னவென்று சொல்கிறேன். நட்டக் கோடு எப்போதும் ஒரே உள்ளங்கையாக இருக்குமா? இருக்காது. மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இறங்கி வருகிற வணிகர் வழியில் ஒரு சின்னக் குழியில் விழுந்துவிடுகிறார். எந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாலும் ஏற்றமாக இருக்கிறது. ஆகவே இதுதான் உலகத்திலேயே நல்ல இடம் என்று முடிவு செய்து அங்கேயே நின்றுவிடுகிறார். பக்கத்திலேயே இதைவிட நல்ல இடம் இருக்கும், போக மாட்டார். இது பழைய விஷயம், எல்லோருக்கும் தெரியும். அவள் கண்டுபிடித்தது என்னவென்றால், ஒரு தனி வகைக் குழி உண்டு. நிற்கிறவருடைய கனத்தாலேயே அது ஆழமாகிக்கொண்டு போகும். எவ்வளவு காலம் நிற்கிறாரோ அவ்வளவுக்குச் சுவர் உயரும். வெளியிலிருந்து யாரும் தோண்டுவதில்லை. எவ்வளவு நுட்பம்!

உதாரணம்தான் கொஞ்சம் செயற்கையாக இருந்தது. சந்தையில் ஒரு பூக்காரர். பக்கத்துக் கடைக்காரர் எப்போதோ இவர் கட்டிய மாலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். அவரைக் கவிழ்ப்பதற்காக இவர் அடக்க விலைக்கும் கீழே விற்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போன பிறகும் இவர் விலையை ஏற்றவில்லையாம். ஏற்றினால் தோற்றது போல ஆகிவிடுமாம். 'இப்படியும் ஒரு மடையன் இருப்பானாம்மா? உதாரணம் நம்பும்படி இருக்க வேண்டும்' என்றேன்.

'கள ஆய்வுல பாத்தது சார்' என்றாள். கள ஆய்வில் என்னத்தையெல்லாமோ பார்க்கிறார்கள்.

'கோமதிநாயகம் குழி' என்று எழுதியிருந்தாள். நான் விடுவேனா? 'அம்மா, மகர ஈறு கெட வேண்டும், வல்லினம் மிக வேண்டும். மரம், குழி, மரக்குழி. அதேபோல கோமதிநாயகக் குழி' என்றேன். என் கையாலேயே பச்சை மையில் அந்த 'க்'கை எழுதிக்கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இப்பத்தான் சார் முழுசா ஆச்சு' என்றாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கலாம். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்தது. பாடத்திட்டத்தில் வந்தது. போன வருஷம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன், கேன்டீனில் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: 'லே, அவன் கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல, கோமதிநாயகக் குழில விழுந்துட்டான்.' அன்றாடப் பேச்சில் வந்துவிட்டது! அந்தப் பழைய பெயரை இப்போது ஒருவரும் சொல்வதில்லை. ஒழிந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

பொன்னுரங்கம் ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். என்ன செய்கிறாராம் தெரியுமா? தோட்டம் போட்டிருக்கிறாராம். தென்னம்பிள்ளை வைக்கிறாராம். பார்த்தீர்களா வஞ்சத்தை! இந்த வயதிலும் என்னைக் குத்திக்காட்ட வேண்டும்.

காற்றாலை வந்துவிட்டது. ஆரல்வாய்மொழி. இன்னும் கொஞ்ச தூரம்தான். செண்பகவல்லி இப்போது நாகர்கோவிலில் துறைத் தலைவர். அவள்தான் இந்தக் கருத்தரங்கை நடத்துகிறாள். 'சார் கட்டாயம் வரணும், முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி' என்று போனில் சொன்னாள். நான் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். பழக்கம்.

என்ன, பையில் எதையோ எடுக்கிறீர்கள்? அழைப்பிதழா? அட! நீங்களும் அங்கேதான் வருகிறீர்களா? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே. செண்பகவல்லியின் மாணவரா! நான்தான் பேசவிடவில்லை, அதுவும் உண்மைதான். கட்டுரை வாசிக்கிறீர்களா? என்ன தலைப்பு? 'வெளியேறும் வழிகள்'. எதிலிருந்து? என் குழியிலிருந்தா? எதற்கு வெளியேற வேண்டும்? வெளியேற முடியாது என்பதுதானே அதன் அழகு. சரி, இளரத்தம். எழுதுங்கள், எழுதுங்கள்.

கொடுங்கள், அழைப்பிதழைப் பார்க்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். நல்ல தாள். என் படமும் போட்டிருக்கிறீர்கள், பத்து வருஷத்துக்கு முந்தின படம், பரவாயில்லை. 'கோமதிநாயகம் குழி: ஒரு நாள் கருத்தரங்கு.'

கோமதிநாயகம் குழி.

'க்' எங்கே?

இல்லை, இல்லை, கோபமே இல்லை. சின்ன எழுத்து. யாருக்கும் கண்ணில்கூடப் பட்டிருக்காது. அச்சுக்கு யார் கொடுத்தது? நீங்களா. அவள் 'க்' போட்டுத்தான் கொடுத்தாள், நீங்கள் எடுத்துவிட்டீர்கள். 'பேரு மாதிரி இருக்கட்டும்னு.' சரி, சரி. நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள்? உட்காருங்கள். இன்னும் வடசேரி பஸ் ஸ்டாண்டு வரவில்லை.

பி.எச்டி.தானே செய்கிறீர்கள்? எங்கே பதிவு? நம் பல்கலைக்கழகத்திலேயா! அடடே. நல்லதாகப் போயிற்று. ஆய்வேடு எப்போது கொடுப்பீர்கள்? அடுத்த வருஷமா? அவசரமே வேண்டாம், நிதானமாகச் செய்யுங்கள். எனக்கும் அவசரம் இல்லை. வைவாவுக்குக் கட்டாயம் வருகிறேன். ஓய்வுபெற்றவன்தான், ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று சொன்னேனே. கடைசி வரிசையில் அந்த நாற்காலியை இன்னும் மாற்றவில்லை.

உங்கள் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன், தம்பி. சொல்லுங்கள். முழுப் பெயர். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.